நாலாவது வெட்டு

என் வீட்டுக்காரருக்கு ஏதாவது சல்லிசாகக் கிடைத்துவிட்டால் கால் தரையில் பாவாது. அந்தத் தை மாதம் லாரியில் ஒரு புளியந்தடியை ஏற்றிவந்து எங்கள் வீட்டுப் பின்வாசலில் உருட்டிவிட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வாசுதேவநல்லூர் ரோட்டில் சாய்ந்த மரமாம். ரோட்டு வேலைக்காரர்கள் கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். ஏலம் கூறியபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லையாம்.

"கிறுக்குப் பயலுவ. இம்புட்டு வைரம் பாஞ்ச மரம், ஒருத்தனும் வாயத் தொறக்கல. நான் கேட்ட வெலைக்கே தள்ளிவிட்டுட்டான்" என்றார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தடியின் நடுவில் காளையின் திமில் மாதிரி ஒரு முண்டு இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது ஒத்தப்புளி விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில் நின்ற மரம். பேய் பிடித்த பெண்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். கோடாங்கி உடுக்கடித்து, வேப்பங்குழையால் அடித்து, அவள் தலையில் ஒரு கற்றை முடியை மரத்தோடு வைத்து ஆணி அடித்துவிட்டு முடியை அறுத்துவிடுவான். பேய் மரத்தில் தங்கிவிடும், பெண் வீட்டுக்குப் போகலாம். அந்த மரத்தில் இரும்பை வைத்து வெட்டினால் பேய் அவிழ்ந்துகொள்ளும் என்பது அந்தப் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். தென்காசியை விட்டு நகராமல் வளர்ந்த என் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த முண்டுக்கு ஒரு சாண் கீழே, வேர்ப்பக்கமாக அடித்திருந்த ஆணி என்னுடையது.

என்னைப் பேயும் பிடிக்கவில்லை, பிசாசும் பிடிக்கவில்லை. பதினேழு வயதில் என் அம்மா செத்துப்போனாள். நான் அழவில்லை. நாற்பது நாள் யாரோடும் பேசவும் இல்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மரத்தில் நிறுத்தினார்கள். முடி திரும்ப வளர இரண்டு வருஷம் ஆனது. வளர்ந்த கையோடு மேலகரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். என் அப்பா கற்பூரத்தை அணைக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினார், "புகுந்த வீட்டுல மூச்சு விடக்கூடாது" என்று. ஏழு வருஷமாக மூச்சு விடவில்லை.

விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தது. எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு முப்பிடாதியின் மருமகளைக் கல்யாணத்துக்கு முன்னால் கோடாங்கியிடம் கூட்டிப்போன சேதி எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளே கைப்பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை ஆலங்குளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். தெருவில் நாலு பேர் பரிதாபப்பட்டார்கள். என் மாமியார் சொக்கம்மாள் பரிதாபப்படவில்லை. "நம்ம வீடுன்னா ஒரு நாள் எதுக்கு? அன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்றாள், எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே. எனக்கு அப்போது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். அந்தச் சோறு எப்படி இறங்கும்?

சரி, மரம் வந்தது போகட்டும், அடுப்பில் எரிந்து தொலையட்டும் என்று இருந்திருப்பேன். கோடாலிக்காரர்கள் வெட்டினால் ஆணி பட்டு வாய் மழுங்கும், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அப்பால் வெட்டுவார்கள். ஆனால் என் வீட்டுக்காரருக்கு மோட்டார் ரம்பப் பைத்தியம் பிடித்திருந்தது. குற்றாலத்துப் பங்களாக்களுக்கு சீசனில் வெந்நீர் அடுப்புக்கு விறகு கொடுப்பது எங்கள் தொழில். சாரல் தொடங்கிவிட்டால் விறகு கேட்டு ஆள் மேல் ஆள் வருவான், வெட்டிக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுகளில் மோட்டார் ரம்பம் வந்துவிட்டது, ஒரு ஆள் பத்து ஆள் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

விற்க இரண்டு பேர் இருந்தார்கள். செங்கோட்டை சேக் தாவூது அண்ணாச்சியிடம் எஸ்டேட்டில் ஓடிய பழைய ரம்பம் ஒன்று இருந்தது. மதுரையிலிருந்து சுந்தரபாண்டியன் என்ற ஏஜெண்டு புத்தம் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதாகக் கடிதம் போட்டிருந்தார். இரண்டு கம்பெனியின் பெயரும் எங்கள் வாயில் நுழையாது. ஒன்றின் மேல் கரடிப் படம், இன்னொன்றின் மேல் கழுகுப் படம். ஆகவே கரடி, கழுகு.

"ரெண்டையும் நம்ம வீட்டுக்கே வரச்சொல்லிருக்கேன். ஒரே தடியில மாத்தி மாத்தி வெட்டிப் பாத்துருவோம். எது தேறுதோ அது" என்றார்.

தடியைக் கிளைப்பக்கத்திலிருந்து ஒன்றேகால் அடிக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வைத்தார். மெலிந்த பக்கத்தில் தொடங்கிப் பருத்த பக்கம் போக வேண்டும், அப்போதுதான் இயந்திரத்தின் வண்டவாளம் தெரியும் என்றார். முதல் மூன்று கோடுகளும் நல்ல மரத்தில் இருந்தன. நாலாவது கோடு முண்டைத் தாண்டி, ஒரு சாண் கீழே, சரியாக என் ஆணியின் மேல் விழுந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். தடியின் விலாப்பக்கத்தில் பட்டைக்குள் விரலை விட்டுத் தடவினால் குழி தட்டுப்பட்டது. குழிக்குள் ஆணியின் தலை. மரம் அதை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. குறடு பிடிக்கவில்லை. அரிவாள் நுனியால் நெம்பினேன், நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கோட்டையாவது நகர்த்துவோம் என்று முந்தானையால் சுண்ணாம்பை அழித்து நாலு விரற்கடை தள்ளி வேறு கோடு போட்டேன்.

"அங்கன என்னட்டி செய்யுத?"

மாமியார் கொல்லைநடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கரையான் இருக்கான்னு பாக்கேன் அத்த."

அவள் தடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து நாடாவை வைத்து மறுபடி அளந்து, "எந்தக் கழுத கோட்ட அழிச்சிது?" என்று கேட்டுக்கொண்டே பழைய இடத்திலேயே போட்டார். நான் அந்தக் கழுதை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே எங்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டது. தாவூது அண்ணாச்சி கரடியை ஒரு சாக்கில் சுற்றி வில்வண்டியில் கொண்டுவந்தார். சுந்தரபாண்டியன் காக்கிக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கழுகை மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தபோது மாப்பிள்ளைக்குச் செருப்பு எடுப்பதுபோல் அத்தனை பவிசு.

"வெயிட்டப் பாருங்கண்ணே. ஒரு கையில தூக்கலாம். அந்தக் கரடியத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

தாவூது அண்ணாச்சி தடியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, மரத்துக்குள்ள இரும்பு எதுவும் கெடக்கா? ஆணி, கம்பி, லாடம்?" என்று கேட்டார்.

"ரோட்டோரத்து மரம். ஒண்ணும் கெடையாது."

"கேட்டு வச்சிக்கிடுதது நல்லது. தென்மல எஸ்டேட்டுல பழைய வேலிக்கம்பி ஒண்ணு மரத்துக்குள்ள கெடந்துது. ரம்பத்துச் செயின் அதுல தட்டி அந்து போயி, வெட்டிக்கிட்டிருந்தவன் கன்னத்த வகுந்துட்டு. பாதிப் பல்லு வெளிய தெரியுது அவனுக்கு இப்பமும்."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி நின்றாள், இந்தப் பக்கம் மாமியார் நின்றாள், என் பையன் குறுக்கே ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் வெட்டு கரடி. தாவூது அண்ணாச்சி பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, கயிற்றை நாலு தரம் இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் அது உறுமியது பாருங்கள், வேலியில் இருந்த காக்கை மொத்தமும் பறந்துவிட்டது. புகையில் கண் எரிந்தது. ஐந்து நிமிஷத்தில் முதல் துண்டு கீழே விழுந்தது. அண்ணாச்சி மரத்தூளைக் கையில் அள்ளி என் வீட்டுக்காரரிடம் காட்டினார்.

"இதப் பாருங்க. சீவல் சீவலா வந்திருக்கா? அப்பம் செயின் நல்லாருக்குன்னு அர்த்தம். மாவா வந்தா மழுங்கிட்டுன்னு அர்த்தம். அரம் இருந்தா போதும், நானே வந்து தீட்டித் தாரேன்."

இரண்டாவது வெட்டு கழுகு. ஒரே இழுப்பில் கிளம்பியது. சத்தமும் கரடி அளவு இல்லை. மூன்றே நிமிஷம். சுந்தரபாண்டியன் கைக்கடிகாரத்தை என் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினார். கூட்டம் கழுகின் பக்கம் சாய்ந்தது.

"இதுக்கு ஒரு திருகாணி போச்சுன்னா எங்க போயி வாங்க?" என்றார் தாவூது அண்ணாச்சி.

"மெட்ராஸ்ல கெடைக்கும்ணே. தபால்ல வரும்."

"சீசன் முடிஞ்ச பொறவு வரும். கரடிக்குச் செங்கோட்டையில என் வீட்டு மச்சுல ஒரு பெட்டி நெறையக் கெடக்கு."

இப்படி இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, என் வீட்டுக்காரர் இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி நடுவில் முழித்துக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு எனக்குக் கோடுகள்தான் தெரிந்தன. மூன்றாவது வெட்டைக் கரடி போட்டது. நாலாவது கழுகுடைய முறை, வெட்டப்போவது சுந்தரபாண்டியன். ஆணியில் ஒரு விரற்கடை விலகி வெட்டினாலும் தப்பிவிடும். விலகட்டும் தாயே, குத்தாலநாதா, விலகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரோ மதுரைக்காரன் கன்னம்தானே என்று மனதின் ஒரு மூலை சொன்னதையும் மறைக்கப் போவதில்லை.

"தம்பி, அத இங்க குடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்கு நான்தான பிடிக்கப் போறேன். இந்த வெட்ட நான் போடுதேன். எனக்குக் கைக்கு வருதான்னு பாக்கணும்."

சுந்தரபாண்டியன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து, முகத்தைக் கோட்டுக்கு நேரே கொண்டுபோனார். நேர்க்கோடு தவறாத ஆள் அவர். ஒரு நூல்கூட விலக மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"ஏங்க!" என்று கத்தினேன். அதற்குள் மோட்டார் கிளம்பிவிட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. "நிப்பாட்டுங்க! ஆணி கெடக்கு!" பக்கத்தில் நின்றவர்கள் இயந்திரத்தைத்தான் பார்த்தார்கள். பட்டை தெறித்தது. வெள்ளைத் தூள் பறந்தது. ரம்பம் இரண்டு விரல் ஆழம் இறங்கிவிட்டது.

பையனை மாமியார் கையில் திணித்தேன். ஓடிப்போய்த் தடியின் மேல், அந்த முண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஓடுகிற செயின் என் தொடையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. என் வீட்டுக்காரர் பதறி ரம்பத்தைப் பின்னால் இழுத்தார். தாவூது அண்ணாச்சி பாய்ந்துவந்து பித்தானைத் தட்டி மோட்டாரை நிறுத்தினார்.



"அறிவு கெட்டவளே! செத்துருப்பட்டி இப்பம்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முப்பிடாதி சொன்னாள், "இவளுக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஆமா, பிடிச்சிருந்துது" என்றேன். "ஒம்பது வருசத்துக்கு முன்னால. ஒத்தப்புளி விலக்குல, இந்த மரத்துலதான் எனக்கு ஆணி அடிச்சாங்க. இந்தக் கோட்டுலதான் கெடக்கு. போதுமா?"

நான் மாமியாரைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் இடுப்பில் இருந்த என் பையனைத்தான் பார்த்தேன். அவனை விட்டுவிட்டு ஆலங்குளம் பஸ்ஸோ வாசுதேவநல்லூர் பஸ்ஸோ ஏற வேண்டும், அது எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் யோசனை ஓடியது.

தாவூது அண்ணாச்சிதான் முதலில் அசைந்தார். "எறங்கு தங்கச்சி" என்றார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கோட்டின் பக்கத்தில் குத்தவைத்துக் கொத்தினார். கொஞ்சத்தில் இரும்பின் சத்தம் கேட்டது. ஆணியைச் சுற்றி மரம் மையாகக் கறுத்திருந்தது. அவர் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மூன்று அங்குலம் இருக்கும். முடி கிடி ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் இந்தத் துருப்பிடித்த சனியனுக்கா பயந்து செத்தேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கரடியானாலும் கழுகானாலும் இதுல தட்டுனா அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார் தாவூது அண்ணாச்சி. சுந்தரபாண்டியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தச் செயினும் தாங்காதுண்ணே" என்றார். காலையிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

என் வீட்டுக்காரர் ஆணியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு வருசமா எங்கிட்டச் சொல்லலியே."

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீகளா?"

அவர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எந்தத் தீர்ப்பும் அங்கிருந்துதான் வர வேண்டும். முப்பிடாதி வேலியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மாமியார் பையனை இறக்கிவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தடிக்குப் பக்கத்தில் வந்தாள். என்னைத் தாண்டிப் போய், ஐந்தாவது கோட்டின் பக்கம் நின்று, காலால் தடியின் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"தாவூது, தடியப் பொரட்டு. இங்கன ஒண்ணு கெடக்கும். பெரிய ஆணி. பாத்துக் கொத்து."

நாலு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அந்தப் பக்கம் பட்டை முழுதாக மூடியிருந்தது, குழிகூடத் தெரியவில்லை. தாவூது அண்ணாச்சி சந்தேகத்தோடுதான் கொத்தினார். விரல் ஆழத்துக்குக் கீழே இரும்பு சத்தம் கொடுத்தது. வெளியே வந்தது பழைய காலத்துப் பட்டறை ஆணி, சதுரத் தலை, என்னுடையதைவிட இரண்டு பங்கு.

"அம்மா, ஒங்களுக்கு எப்பிடி..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்க? ரோட்டோரத்து மரம்னா நாலு ஆணி கெடக்கத்தான் செய்யும். வெலைய மட்டும் பாத்து வாங்குனா இப்பிடித்தான். வெட்டு" என்றாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். "முப்பிடாதி, ஒன் மருமகளுக்கு நாளைக்கு ஆள் அனுப்பு. பிள்ள எளச்சிப் போயிக் கெடக்கு."

முப்பிடாதி வேலியை விட்டு நகர்ந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் கழுகைச் சுந்தரபாண்டியனிடம் திருப்பிக் கொடுத்தார். மரத்துக்குள் இரும்பு கிடக்கிறதா என்று கேட்ட ஆளிடம்தான் வாங்குவேன் என்றார். கரடியின் கயிற்றை அவரே இழுத்தார். அது உறுமிக் கிளம்பியதும் மாமியார் என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அது கேட்டிருக்காது.

"முப்பத்தஞ்சு வருசம் நான் வாயத் தொறக்கல. ஒனக்கு ஏழு வருசம் தாங்கலியாட்டி?"

அவள் பிறந்த ஊர் கடையநல்லூர். ஒத்தப்புளிக்கு அங்கிருந்து மாட்டுவண்டியில் அரைமணி நேரம்தான். இத்தனை வருஷத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அப்பம் ஒங்க மகன வெட்ட விட்டுட்டு நின்னீகளே அத்த!" என்றேன். எனக்குக் கோபம் தீரவில்லை.

"முண்டப் பாத்துத்தான் கண்டேன், அதுவும் நேத்துத்தான். ஒன்னோடது அங்கன கெடக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்? என்னோடது அஞ்சாவது வெட்டு. அதுக்குள்ள யோசிச்சிக்கிடலாம்னு நின்னேன்." என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு எதுக்கு அடிச்சாக?"

"எங்கம்மா செத்துட்டா. நான் அழல, பேசல. அதுக்கு."

அவள் தலையை ஆட்டினாள். மரத்தூள் எங்கள் இருவர் காலிலும் வந்து விழுந்தது.

"ஒங்களுக்கு?"

மாமியார் தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, கோடு பிசகாமல், அந்த வீட்டு ஆண்கள் எல்லாரையும் போல உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

நாலாவது துண்டு விழுந்தது. மோட்டார் நின்றது. அவள் முந்தானையை உதறிக்கொண்டு, "வந்தவுகளுக்குக் காப்பி போடு, போ" என்று சத்தமாகச் சொன்னாள்.